கஷ்டப்பட்டால் மட்டும் போதுமா?

"கஷ்டப்பட்டவன்தான் வாழ்க்கையில் முன்னுக்கு வருவான்."

நம் வீடுகளில் பெரியவர்கள் அடிக்கடி சொல்லும் வார்த்தை இது. பரீட்சையில் மதிப்பெண் குறைந்த பிள்ளைக்கும் இதையே சொல்வார்கள். தொழிலில் நட்டப்பட்டுத் தலையில் கைவைத்து உட்கார்ந்திருக்கும் தம்பிக்கும் இதையே சொல்வார்கள். கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால், ஒரு நிமிடம் யோசித்துப் பாருங்கள். கஷ்டப்பட்டவர்கள் எல்லாரும் முன்னுக்கு வந்துவிடுவார்கள் என்றால், பேராக் மாநிலத் தோட்டங்களில் பிறந்த ஒவ்வொருவரும் இன்றைக்குக் கோடீஸ்வரராக அல்லவா இருக்க வேண்டும்!

விடியும் முன் எழுந்து, பெரட்டுக் களத்தில் பேர் கொடுத்து, தலையில் விளக்கைக் கட்டிக்கொண்டு பால்மரக் காட்டுக்குள் நுழைந்தவர்கள் நம் தாத்தா பாட்டிமார். கொசு, அட்டை, பாம்பு எல்லாவற்றுக்கும் நடுவில் நூற்றுக்கணக்கான மரங்களை வெட்டினார்கள். மழை பெய்தால் வேலை இல்லை. வேலை இல்லாவிட்டால் கூலியும் இல்லை. இதைவிடக் கஷ்டம் வேறு என்ன இருக்கிறது? அப்படியிருந்தும் ஒரே லயத்தில், அடுத்தடுத்த கதவில் வாழ்ந்த இரண்டு குடும்பங்களில் ஒன்று மேலே வந்தது. இன்னொன்று தோட்டம் மூடியதும் திசை தெரியாமல் சிதறிப் போனது. கஷ்டம் இரண்டு வீட்டுக்கும் ஒன்றுதான். அப்படியானால் வித்தியாசம் எங்கே?

கஷ்டம் தானாக யாருக்கும் எதையும் கற்றுக்கொடுப்பதில்லை. கஷ்ட காலத்தில் நாம் என்ன பழக்கத்தைப் பிடித்துக்கொண்டோம் என்பதுதான் பின்னாளில் நமக்கு முதலாக நிற்கிறது.

மரம் சொல்லும் பாடம்

1877ஆம் ஆண்டில் சிங்கப்பூரிலிருந்து கொண்டுவரப்பட்ட ரப்பர் கன்றுகள் நம் கோலகங்சாரில் நடப்பட்டன. அந்தத் தலைமுறையைச் சேர்ந்த ஒரு மரத்தை இன்றும் கோலகங்சாரில் பார்க்கலாம். நம் மக்களின் வாழ்க்கை அந்த மரத்தைச் சுற்றியே பல தலைமுறை சுழன்றது.

பால்மரம் வெட்டியவர்களுக்கு ஒரு விஷயம் நன்றாகத் தெரியும். பட்டையைச் சீவினால்தான் பால் வரும். சீவாத மரம் காட்டில் சும்மா நிற்கும். ஆனால், கத்தி கொஞ்சம் ஆழமாக இறங்கி உள்மரத்தில் காயம் பட்டுவிட்டால், அந்த இடத்தில் பட்டை சரியாக வளராது. முடிச்சு முடிச்சாக வீங்கிவிடும். பிறகு அங்கே வெட்ட முடியாது. அதனால்தான் மண்டோர் மரம் மரமாக வந்து பார்ப்பார். காயம் இருந்தால் அன்றைக்குத் திட்டு நிச்சயம்.

மனிதனுக்கு வரும் கஷ்டமும் இப்படித்தான். பட்டையோடு நிற்கும் கஷ்டம் உண்டு. அது நம்மிடமிருந்து உழைப்பையும் புத்தியையும் வெளியே கொண்டுவரும். உள்ளே இறங்கிக் காயப்படுத்தும் கஷ்டமும் உண்டு. பிள்ளையின் படிப்பை நிறுத்துவது, உடம்பைக் கெடுப்பது, தன்மானத்தை உடைப்பது, கடைசியில் மனிதனைச் சாராயத்திடம் கொண்டுபோய் விடுவது... இதையெல்லாம் 'அனுபவம்' என்று சொல்லிப் பெருமைப்பட எதுவும் இல்லை. தாங்க வேண்டிய கஷ்டம் எது, தடுக்க வேண்டிய கஷ்டம் எது என்று பிரித்துப் பார்ப்பதே முதல் அறிவு.

வள்ளுவர் இந்த விஷயத்தை எங்கே வைத்தார் என்று கவனித்திருக்கிறீர்களா? 'இடுக்கண் அழியாமை' 63ஆவது அதிகாரம். அதை அவர் பொருட்பாலில் வைத்தார். அதற்கு முன்னால் 61ஆவது அதிகாரம் மடியின்மை, 62ஆவது ஆள்வினையுடைமை. வரிசையைப் பாருங்கள். முதலில் சோம்பலை விடு. பிறகு முயற்சியில் இறங்கு. முயற்சியில் இறங்கியபின் துன்பம் வந்தால் உடைந்து போகாதே. கையைக் கட்டிக்கொண்டு துன்பத்தை ஏற்றுக்கொள் என்பது அந்த வரிசையில் எங்கேயும் இல்லை. முயற்சி செய்கிறவனுக்கு வரும் துன்பத்தைப் பற்றித்தான் பேச்சு.

இரண்டு 555 புத்தகம்

'555' என்று அட்டையில் அச்சடித்த சின்னக் குறிப்புப் புத்தகத்தை நம்மில் பலருக்கு நினைவிருக்கும். மளிகைக் கடையில் கடனுக்குச் சாமான் வாங்கினால் கடைக்காரர் அதில் எழுதிக்கொள்வார். சம்பள நாளில் தீர்க்க வேண்டும். அரிசி, சீனி, மண்ணெண்ணெய், கருவாடு என்று எல்லாம் அந்தப் புத்தகத்துக்குள்தான் இருக்கும். பல குடும்பங்களில் சம்பளம் கைக்கு வரும். சாயங்காலத்துக்குள் கடைக்குப் போய்விடும்.

என் அம்மாவும் சுங்கை சிப்புட் பக்கம் ஒரு தோட்டத்தில் மரம் வெட்டியவர்தான். எழுதப் படிக்கத் தெரியாது. ஆனால், எங்கள் வீட்டில் இரண்டு 555 புத்தகங்கள் இருந்தன. ஒன்று கடைக்காரர் எழுதுவது. இன்னொன்று, ராத்திரி சாப்பாடு முடிந்ததும் அம்மா சொல்லச் சொல்ல நான் எழுதுவது. அப்போது எனக்கு ஒன்பது வயது. "நாலு கட்டி அரிசி, ஒரு கட்டி சீனி, எழுதிட்டியா ஐயா?" என்று கேட்பார். எழுதியதைத் திரும்பப் படித்துக் காட்டச் சொல்வார்.

ஒரு மாதம் கடைக் கணக்கில் நான்கு வெள்ளி கூடுதலாக வந்தது. அம்மா சண்டைக்குப் போகவில்லை. என்னைக் கூட்டிக்கொண்டு போய், இரண்டு புத்தகத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, "அண்ணே, கொஞ்சம் பாத்துச் சொல்லுங்க" என்றார். கடைக்காரர் பார்த்தார், அடித்துத் திருத்தினார். அவ்வளவுதான். ஆனால், அந்த மாதத்திலிருந்து எங்கள் கணக்கில் பிசகே வரவில்லை.

இன்றைக்குத் திரும்பிப் பார்த்தால், என் முதல் வணிகப் படிப்பு அதுதான் என்று தோன்றுகிறது. அம்மாவுக்கு வறுமை இருந்தது. ஆனால், அந்த வறுமை எவ்வளவு என்று எண்ணால் தெரியும். இந்த மாதம் எத்தனை வெள்ளி குறைகிறது, அடுத்த மாதம் எதைக் குறைத்தால் சரியாகும் என்று தெரியும். 'ரொம்பக் கஷ்டம்' என்று சொல்வதற்கும், 'இந்த மாதம் 22 வெள்ளி துண்டு விழுகிறது' என்று சொல்வதற்கும் மலைக்கும் மடுவுக்கும் உள்ள வித்தியாசம் உண்டு. முதலாவது புலம்பல். இரண்டாவது தீர்க்கக்கூடிய ஒரு கணக்கு.

பாறை விழுந்த பிறகும் அடுப்பு எரிந்தது

ஈப்போவுக்குப் போகிறவர்கள் புந்தோங்குக்குப் போகாமல் திரும்புவதில்லை. அங்கே உள்ள கம்போங் கச்சாங் பூத்தே நாடெங்கும் பேர் பெற்ற இடம். முறுக்கு, ஓமப்பொடி, பக்கோடா, வறுத்த கடலை, மரவள்ளிச் சீவல் என்று மூட்டை மூட்டையாக அடுக்கி வைத்திருப்பார்கள். வெளியூரிலிருந்து வருகிற மலாய்க்காரர்களும் சீனர்களும் வண்டியை நிறுத்தி வாங்கிப் போகிறார்கள். பண்டிகைக் காலத்தில் அந்தத் தெருவில் நிற்க இடம் இருக்காது.

இந்தத் தொழிலைச் செய்பவர்களின் பூர்வீகம் தமிழ்நாட்டின் எட்டயபுரம் வட்டாரம். ஆம், பாரதியார் பிறந்த அதே எட்டயபுரம்தான். கையில் பெரிய முதல் கிடையாது. ஊரில் வீட்டுப் பெண்கள் பிழிந்த முறுக்கையும் காராச்சேவையும் இங்கே பிழிந்தார்கள். ஆண்கள் அதைப் பலகைத் தட்டில் அடுக்கித் தலையில் சுமந்து தெருத் தெருவாக விற்றார்கள். பழைய காகிதத்தைக் கூம்பாகச் சுருட்டி அதில் கடலையைப் போட்டுக் கொடுப்பார்கள். சினிமாக் கொட்டகை வாசல், பள்ளிக்கூட வாசல், கோயில் திருவிழா என்று கூட்டம் கூடுகிற இடமெல்லாம் அவர்கள் இருப்பார்கள். பிறகு சைக்கிள் வந்தது, மோட்டார் சைக்கிள் வந்தது, கடை வந்தது.

இடையில் ஒரு பேரிடி. இந்தக் குடும்பங்கள் பல அப்போது குனோங் சீரோ அடிவாரத்தில் குடியிருந்தன. தைப்பூசத்துக்கு நாம் காவடி எடுக்கும் கல்லுமலைக் கோயில் இருக்கிறதே, அந்த மலைப்பக்கம்தான். 1973ஆம் ஆண்டு அக்டோபர் 18ஆம் தேதி, அந்தச் சுண்ணாம்பு மலையிலிருந்து பெரும் பாறை ஒன்று பிளந்து வீடுகளின் மேல் விழுந்தது. சுமார் 40 பேர் மாண்டனர். கொட்டிலில் இருந்த மாடுகளும் நசுங்கின. மலையை நம்பி வாழ்ந்த குடும்பங்கள் இல்லாமல் போயின என்பது ஈப்போ மக்கள் இன்னும் மறக்காத சோகம்.

அங்கிருந்தவர்கள் புந்தோங்குக்கு இடம் பெயர்ந்தார்கள். இழந்த உயிர்களை யாரும் திருப்பித் தர முடியாது. 'அந்தத் துயரத்தால்தான் அவர்கள் முன்னேறினார்கள்' என்று யாராவது சொன்னால் அது அநியாயப் பேச்சு. துயரம் அவர்களிடமிருந்து எடுத்துக்கொண்டதே தவிர, எதையும் கொடுக்கவில்லை. பின் எதைக் கொண்டு அவர்கள் எழுந்தார்கள்? பாறையால் நசுக்க முடியாத இரண்டு பொருள் அவர்களிடம் இருந்தன. ஒன்று கைத்தொழில். இன்னொன்று ஒருவரை ஒருவர் அறிந்த கூட்டம். புது இடத்தில் அடுப்பை மூட்டியதும் தொழில் தொடர்ந்தது. ஒரு வீட்டில் முறுக்கு என்றால், இன்னொரு வீட்டில் கடலை. பக்கத்து வீட்டுக்காரன் போட்டிக்காரன்தான். ஆனாலும், பக்கத்துப் பக்கத்தில் இருந்ததால்தான் அந்த இடத்துக்கே ஒரு பேர் கிடைத்தது. இன்றைக்கு வாடிக்கையாளர் ஒரு கடையைத் தேடி வருவதில்லை. கம்போங் கச்சாங் பூத்தேவைத் தேடி வருகிறார்.

தொழில் தொடங்க நினைக்கும் இளைஞர்களுக்கு இதில் ஒரு செய்தி இருக்கிறது. 'எந்தத் தொழிலில் இலாபம் அதிகம்?' என்று தேடுவதற்கு முன், 'எல்லாம் போனாலும் என் கையை விட்டுப் போகாத தொழில் எது?' என்று கேளுங்கள்.

பத்து வெள்ளியில் ஒரு தோட்டம்

ஈப்போவிலிருந்து வடக்கே கொஞ்ச நேரம் போனால் சுங்கை சிப்புட். துன் வீ.தி. சம்பந்தன் 1919இல் பிறந்த ஊர் அது. அவர் ஏழையாகப் பிறந்தவர் அல்லர். தந்தை வீரசாமி 1896இல் மலாயாவுக்கு வந்து, அந்த வட்டாரத்தில் ரப்பர் தோட்டம் போட்டு முன்னுக்கு வந்தவர். மகன் அண்ணாமலைப் பல்கலைக்கழகம் வரை போய்ப் படித்தார்; 1955இல் ம.இ.கா. தலைவரானார், அமைச்சரானார்.

நாடு சுதந்திரம் பெற்ற காலத்தில் வெள்ளைக்கார முதலாளிகள் பலர் தங்கள் தோட்டங்களை விற்கத் தொடங்கினார்கள். வாங்கியவர்கள் அவற்றைத் துண்டு துண்டாகப் பிரித்து விற்றார்கள். 'தோட்டத் துண்டாடல்' என்று சொன்னாலே அன்றைய பாட்டாளிகளுக்கு வயிறு கலங்கும். தோட்டம் துண்டானால் வேலை போகும். வேலை போனால் லயத்து வீடும் போகும். வீட்டோடு பிள்ளைகளின் தமிழ்ப்பள்ளியும் கோயிலும் போகும்.

இந்தக் கஷ்டத்துக்கு என்ன வழி? அரசாங்கத்திடம் மனுக் கொடுக்கலாம், மறியல் செய்யலாம், அழலாம். சம்பந்தன் இன்னொரு வழியைக் கேட்டார்: 'தோட்டத்தை விற்கிறார்கள் என்றால் நாமே ஏன் வாங்கக் கூடாது?' இப்படித்தான் 1960இல் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கம் பிறந்தது. ஒரு பங்கு 100 வெள்ளி. அன்றைக்குத் தோட்டப் பாட்டாளி 100 வெள்ளிக்கு எங்கே போவார்? அதனால் பத்துப் பத்து வெள்ளியாகக் கட்டலாம் என்றார்கள். தோட்டம் தோட்டமாகப் போய்ப் பேசினார்கள். மக்கள் சேர்ந்தார்கள். சங்கம் வாங்கிய முதல் தோட்டம் கெடாவில் உள்ள புக்கிட் சீடிம். அதன்பின் பத்துக்கும் மேற்பட்ட தோட்டங்கள் சங்கத்தின் கைக்கு வந்தன. அறுபது ஆண்டுகளுக்குப் பிறகும் அந்தச் சங்கம் நிற்கிறது.

எல்லாத் தோட்டத்தையும் அது காப்பாற்றிவிட்டதா? இல்லை. பின்னாளில் எத்தனையோ தோட்டங்கள் செம்பனையாகவும் வீடமைப்புத் திட்டமாகவும் மாறின. நம் மக்கள் நகர ஓரங்களுக்குத் தள்ளப்பட்டார்கள். இருந்தாலும் அந்தப் பத்து வெள்ளியை நாம் மறந்துவிடக் கூடாது. தனியாக இருந்தபோது அது ஒரு வாரச் செலவுக்குக்கூடப் பற்றாது. சேர்ந்தபோது அதுவே கூலிக்காரனைப் பங்குதாரன் ஆக்கியது. தான் வெட்டும் மரத்தில் தனக்கும் பங்கு உண்டு என்ற எண்ணம் ஒரு மனிதனுக்கு வந்துவிட்டால், அவன் நிமிர்ந்து நடப்பான்.

சேமிப்பு மட்டும் காப்பாற்றுமா?

நாணயத்தின் மறுபக்கத்தையும் சொல்லாமல் விட்டால் அது நேர்மையாக இருக்காது. 1982இல் மைக்கா ஹோல்டிங்ஸ் தொடங்கப்பட்டபோது 60,000க்கும் மேற்பட்ட இந்தியர்கள் பங்கு வாங்கினார்கள். 10 கோடி வெள்ளிக்கு மேல் திரண்டது. தாலிக்கொடியை அடகு வைத்துப் பங்கு வாங்கிய தாய்மார்கள் உண்டு. பெரிய கனவு. ஆனால், பல ஆண்டுகள் காத்திருந்தும் அவர்கள் எதிர்பார்த்த பலன் வரவில்லை. கடைசியில் 2010இல், ஒரு வெள்ளிப் பங்குக்கு 80 சென் தருவதாக ஒரு நிறுவனம் முன்வந்தது. இருபத்தெட்டு ஆண்டு காத்திருப்புக்குப் பிறகு, போட்ட முதலைவிடக் குறைவு!

தியாகத்தில் அந்த மக்கள் என்ன குறை வைத்தார்கள்? ஒன்றும் இல்லை. பத்து வெள்ளி கட்டியவரின் உழைப்பும், நகையை அடகு வைத்தவரின் உழைப்பும் ஒரே தரம்தான். தியாகம் இருந்தால் மட்டும் தொழில் வென்றுவிடாது என்பதற்கு இதைவிடப் பெரிய சாட்சி வேண்டாம். பணத்தைக் கொடுத்தவர் 'என் பணம் எங்கே போகிறது, இந்த ஆண்டு இலாபமா நட்டமா?' என்று கேட்கிற உரிமையையும் பழக்கத்தையும் விட்டுவிடக் கூடாது. என் அம்மாவின் இரண்டாவது 555 புத்தகம் வீட்டுக்கு மட்டும் அல்ல, நிறுவனத்துக்கும் வேண்டும். நம்பிக்கை வையுங்கள், ஆனால் கணக்கையும் கேளுங்கள்.

இன்றைய கஷ்டம் வேறு முகம்

இன்றைக்கு லயம் இல்லை. அடுக்குமாடி வீடு இருக்கிறது. பெரட்டுக் களம் இல்லை. கைப்பேசியில் உணவு விநியோக வேலை வருகிறது. மளிகைக் கடைக்காரரின் 555 போய், தவணைக் கடனும் கடன் அட்டையும் வந்துவிட்டன. ஆனால், சம்பளம் வந்த அன்றே தீர்ந்துபோவது மட்டும் மாறவில்லை. அவசரத்துக்கு ஆலோங்கிடம் கைநீட்டிவிட்டு, வாசலில் சிவப்புச் சாயம் தெளிக்கப்பட்ட வீடுகளை நாம் செய்தியில் பார்க்கத்தான் செய்கிறோம். இதுதான் உள்மரம் வரை இறங்கும் காயம். இதை 'பொறுத்துக்கொள்' என்று யாருக்கும் சொல்லாதீர்கள். உடனே வெளியே வர வழி பாருங்கள். அதை மறைத்து வைக்க வைக்க வட்டி குட்டி போடும்.

சிறுதொழில் தொடங்குவோருக்கு இன்று வழிகள் இருக்கின்றன. தெக்குன் நிறுவனத்தில் இந்தியத் தொழில்முனைவோருக்கான ஸ்பூமி கடன் திட்டம் உண்டு. அமானா இக்தியார் மலேசியா, இந்தியப் பெண்களுக்காக 2024இல் 'பெண்' என்ற திட்டத்தை ஐந்து கோடி வெள்ளி ஒதுக்கீட்டில் தொடங்கியது. அமானா இக்தியாரே 1987இல் வங்காளதேசத்தின் கிராமின் வங்கி முறையைப் பார்த்து உருவானதுதான். அந்த முறையின் சூட்சுமம் என்ன தெரியுமா? ஐந்து பேர் ஒரு குழுவாகச் சேர வேண்டும். ஒழுங்காகக் கூட வேண்டும். சிறுகச் சிறுகக் கட்ட வேண்டும். அடகு வைக்க ஒன்றும் இல்லாதவருக்குக் கூட்டமும் ஒழுங்கும்தான் அடமானம். நம் தோட்டத்துக் கூட்டு முறையும் இதற்கு அந்நியம் அல்லவே! நம் பெண்கள் லயத்தில் கூட்டுப் பிடித்து, மாதம் ஒருவருக்குப் பணம் கொடுத்து, பிள்ளைக்குப் பள்ளிச் சீருடை வாங்கியவர்கள்தானே?

பெற்றோர்களுக்கும் ஒரு வார்த்தை. "நான் பட்ட கஷ்டம் என் பிள்ளை படக் கூடாது" என்கிறோம். நல்ல எண்ணம். ஆனால், கஷ்டத்தை மறைக்கிறேன் என்று கணக்கையும் சேர்த்து மறைத்துவிடுகிறோம். வீட்டு வாடகை எவ்வளவு, மின்கட்டணம் எவ்வளவு, அப்பா எத்தனை மணி நேரம் மிகைநேர வேலை செய்தால் அந்தக் கைப்பேசி வாங்க முடியும் என்று பதினைந்து வயதுப் பிள்ளைக்குத் தெரிவதில் ஒரு குற்றமும் இல்லை. பசியைப் பிள்ளைக்குக் கொடுக்க வேண்டாம். கணக்கைக் கொடுங்கள்.

ஆகவே, கஷ்டப்பட்டால் மட்டும் போதாது. அதை எண்ணிப் பார்க்க வேண்டும். நாலு பேரோடு சேர்ந்து சுமக்க வேண்டும். கைத்தொழிலை விடாமல் பிடித்துக்கொள்ள வேண்டும். உள்ளே காயம் பட்டால் அங்கேயே நிறுத்த வேண்டும். இந்த நான்கும் இருந்தால் வெற்றி உறுதி என்று நான் வாக்குக் கொடுக்க மாட்டேன். சந்தையும் விதியும் நம் கையில் இல்லை. ஆனால், இந்த நான்கும் இருக்கிற வீடு ஒருமுறை விழுந்தாலும் மறுநாள் எங்கே தொடங்குவது என்று அறிந்திருக்கும்.

அந்தச் சின்ன 555 புத்தகம் கடைகளில் இன்னும் கிடைக்கிறது. நாளைக்கு ஒன்று வாங்குங்கள். ராத்திரி சாப்பாடு முடிந்ததும் பிள்ளையைப் பக்கத்தில் உட்கார வைத்து, இன்றைய செலவைச் சொல்லுங்கள். அவன் எழுதட்டும். எழுதி முடித்ததும் ஒருமுறை திரும்பப் படிக்கச் சொல்லிக் கேளுங்கள்.